முதல் வாசிப்புக்கு ஓர் அறை வேண்டும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பெரியோர்களே, நண்பர்களே,

ஒரு காலத்தில் சென்னையில் யாராவது நாடகம் எழுதினால் அதை முதலில் படிக்கும் வெளியாள் பெரும்பாலும் போலீஸ்காரராக இருப்பார். 1876இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் அடியொற்றி, 1954இல் நம் மாநிலத்திலும் ஒரு சட்டம் போட்டார்கள். மேடையேற்றும் முன் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்குவது வழக்கமாகிவிட்டது. 'பரீக்‌ஷா' நாடகக் குழுவை நடத்திய பத்திரிகையாளர் ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது.

நல்ல தீர்ப்பு. ஆனால் போலீஸ் படிப்பது நின்ற பிறகு, அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. இன்று நம் பகுதியில் ஒரு பெண்ணோ பையனோ முதல் நாடகத்தை எழுதி முடித்தால் அதைக் கையில் வாங்கிப் படிக்க ஆள் கிடையாது. அந்தக் குறையைப் போக்கவே இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம்.

நாங்கள் ஒரு சிறிய நாடகக் குழு. லாப நோக்கம் இல்லை, சம்பளம் வாங்குபவரும் எங்களில் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர், பள்ளி ஆசிரியை, ஆவடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் கடை வைத்திருப்பவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். யாருக்கு எந்த ஷிப்ட் என்று பார்த்துத்தான் ஒத்திகை நாளையே குறிக்கிறோம். கூடுவது ஒரு மொட்டை மாடியில். மழை வந்தால் ஒத்திகை இல்லை.

புதிதாக எழுதுகிறவர்களை வளர்த்தெடுப்பதுதான் இனி எங்கள் முதல் வேலை என்று முடிவு செய்திருக்கிறோம். ஏன் என்று கேட்பீர்கள். நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

எங்களோடு இருக்கும் ஒரு பெண் தன் முதல் நாடகத்தைக் கொண்டுவந்தார். அப்பா ஃபாக்டரியிலிருந்து ஓய்வுபெற்று வீடு திரும்பும் நாள். அவர் மனைவியிடம் பேசுவதாக மூன்று பக்க வசனம். படிக்கும்போது எங்களுக்கே கண் கலங்கியது. எழுந்து நின்று நடித்துப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை. வாக்கியம் நீளம், மூச்சு போதவில்லை, நடுவில் எங்கே திரும்புவது, யாரைப் பார்ப்பது என்று நடிகருக்குத் தெரியவில்லை. நாலாவது முறை அவர் வசனத்தை விட்டுவிட்டு, கையிலிருந்த டிபன் கேரியரை மேசை மேல் வைத்தார். மனைவியாக நடித்தவர் அதை எடுத்துக் கழுவப் போனார், பாதியில் நின்றார். நாளைக்கு அதைக் கட்டிக் கொடுக்க வேண்டாமே! எழுதிய பெண் அன்று ராத்திரியே மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குத் திறமை முன்பே இருந்தது. குறைவாக இருந்தது ஓர் அறையும், நாலு நடிகர்களும், நாலு முறை தோற்றுப் பார்க்கிற அவகாசமும்தான். கதையையும் கவிதையையும் தனியாக உட்கார்ந்து முடித்துவிடலாம். நாடகம் அப்படி முடிவதில்லை. அடுத்தவர் வாயில் ஏறி இறங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவர் எங்கே நெளிகிறார் என்று பார்த்த பிறகுதான் அது நாடகமாகிறது. நம் இளைஞர்கள் பலர் முதல் பிரதியோடு நின்றுவிடுவதற்குக் காரணம், இரண்டாவது பிரதிக்கு வழிகாட்டும் அந்த அறை இல்லாததுதான்.

தமிழ் நாடகம் இப்படிப்பட்ட அறைகளில்தான் வளர்ந்தது. 1891இல் பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவின் ஆட்டத்தைப் பார்த்து வியந்துபோன ஒரு பதினெட்டு வயதுப் பையன், அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நண்பர்களைக் கூட்டி சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். பின்னாளில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். சபை இல்லாமல் அவருடைய 'மனோகரா' நாடகம் வந்திருக்குமா?

கூத்துப்பட்டறை நாடகக் குழு என்றதும் பசுபதி, கலைராணி, விஜய் சேதுபதி என்று திரையில் பார்த்த பெயர்களைத்தான் நாம் சொல்வோம். 1977இல் அதைத் தொடங்கிய ந. முத்துசாமி ஓர் எழுத்தாளர். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் புஞ்சை கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து வேலை பார்த்தவர். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்த பிறகு, தான் எழுதுவதற்கு நடிகனின் உடம்பும் குரலும் வேண்டும் என்று உணர்ந்து பட்டறை கட்டினார். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிடைத்த காலத்தில் நடிகர்களை முழுநேரமாக வைத்துப் பயிற்சி தர முடிந்தது. நடிகர்கள் வெளியே தெரிந்தார்கள். ஆனால் முத்துசாமியின் நாடகங்கள் பல அந்தப் பட்டறையின் தரையில் உருண்டுதான் உருவம் பெற்றன. கூத்துப்பட்டறை நெடுங்காலம் இயங்கிய விருகம்பாக்கம் நமக்குத் தூரமில்லை; பூந்தமல்லியில் பஸ் ஏறினால் வந்துவிடும்.

பெரிய நகரம் வேண்டும் என்பதும் இல்லை. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு பாக்குத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன கிராமம். 1949இல் ஊர்க்காரர்கள் அங்கே 'நீநாசம்' என்ற நாடகக் குழுவை ஆரம்பித்தார்கள். கே.வி. சுப்பண்ணாவின் உழைப்பில் 1980இல் அது ஒரு நாடகப் பள்ளியானது. 1985 முதல் 'திருகாட்ட' என்ற பயணக் குழு ஊர் ஊராக நாடகம் கொண்டுபோகிறது. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். போர் சூழ்ந்த 1985இல் அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' மேடையேறியது. பாக்குத் தோட்டத்திலும் போர்க்களத்தின் ஓரத்திலும் முடிந்தது நமக்கு முடியாதா?

நம் மண்ணில் கதைக்கா பஞ்சம்? 1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. ஆறு வருஷத்தில் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறந்தது. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் இங்கே வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பட்டறைகள் இருந்த இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019இல் ஆவடியே தனி மாநகராட்சியானது. 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆவடிக் குடியிருப்பில் எத்தனை வீடுகளில் ராத்திரி தூக்கம் வரவில்லை என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். கொரட்டூர் ஏரியின் நுரை, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட 2015 டிசம்பர், ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கி ஷிப்டுக்கு ஷிப்ட் பாயை மாற்றிக்கொள்ளும் ஒடிசாப் பையன்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். கோமல் சுவாமிநாதன் 1980இல் 'தண்ணீர் தண்ணீர்' எழுதி வறண்ட கிராமத்தின் கதையைச் சென்னை மேடையில் ஏற்றினார். நம் தெருவில் தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு ஓடிய ஓட்டத்தை யார் எழுதப் போகிறார்கள்? ஓடியவர்கள்தான் எழுத வேண்டும்.

நம் ஆட்கள் நாடகம் பார்க்க வர மாட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆடியில் கூழ் ஊற்றிய கையோடு, அம்மன் கோயில் வாசலில் பாய் விரித்து விடிய விடியக் கூத்துப் பார்த்த ஜனம் இது. சிரமம் வேறு. சென்னையின் நாடக அரங்குகள் எழும்பூரிலும் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் இருக்கின்றன. நாடகம் ஒன்பதரைக்கு முடிந்தால், கைதட்டும்போதே ரயில் நேரத்தைக் கணக்குப் போட வேண்டும். காலையில் ஆறு மணி ஷிப்ட் இருப்பவர் எப்படிப் போவார்? எழுதுகிறவருக்கும் இதே கதிதான். நல்ல நாடகம் பத்துப் பார்க்காமல் ஒரு நாடகம் எழுத வராது.

நாங்கள் வைத்திருக்கும் முறை எளிமையானது. வருகிற பிரதிகளை எல்லாரும் சேர்ந்து படிப்போம். தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம். முதலில் உட்கார்ந்தபடி ஒரு வாசிப்பு. அன்று எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. கேட்க மட்டும்தான் அனுமதி. திருத்தி எழுதிய பிறகு, நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்தபடி நடந்து பார்க்கும் இரண்டாவது வாசிப்பு. கடைசியாக, எளிய வெளிச்சத்தில் இரண்டு காட்சிகள். இரண்டு ஏன் என்றால், முதல் நாள் கண்ட பிழையை இரண்டாம் நாள் திருத்திப் பார்க்கத்தான்.

இதற்கு உங்களிடம் ஐந்து உதவிகள் கேட்கிறோம்.

முதலாவது, இடம். பள்ளிக்கூட வகுப்பறை, சங்க அலுவலகம், குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூடம், சாயங்காலம் பூட்டிவிடும் டியூஷன் சென்டர், எதுவானாலும் சரி. மாதத்தில் இரண்டு மாலை போதும். ஃபேன், விளக்கு, முப்பது நாற்காலி, குடிதண்ணீர், பெண்கள் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை. பெருக்கிச் சுத்தமாக ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு.

இரண்டாவது, காது. வாசிப்புக்கு வாருங்கள். "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த இடத்தில் செல்போனை எடுத்துப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல விமர்சனம் கிடையாது.

மூன்றாவது, உங்கள் அனுபவம். தொழிற்பேட்டையின் ஆரம்ப நாட்களைக் கண்டவர்கள், ஸ்டிரைக் காலத்தைத் தாண்டியவர்கள், வெளி மாநிலத்திலிருந்து வந்து இங்கே நிலைத்தவர்கள், எங்கள் இளைஞர்களோடு இரண்டு மணி நேரம் பேசுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட மேடைக்குப் போகாது.

நான்காவது, உங்கள் எழுத்து. வயது வரம்பு இல்லை, படிப்பு வரம்பும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நாடகம், ஆறு பாத்திரங்களுக்கு மிகாமல் இருந்தால் நல்லது. எங்களிடம் அத்தனை பேர்தான் ஒரே நாளில் லீவு போட முடியும்! இங்கே பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். நடுவில் தெலுங்கோ உருதோ இந்தியோ வந்தால் வரட்டும், தெருவில் அப்படித்தானே பேசுகிறோம்?

ஐந்தாவதாகப் பணம். வரும் தொகையில் முதல் செலவு எழுதியவருக்குத் தரும் ஊதியம். மிச்சம்தான் ஜெராக்ஸ், டீ, விளக்கு வாடகை, ராத்திரி பெண்களை வீட்டில் இறக்கிவிடும் ஆட்டோ. ஒவ்வொரு காட்சியும் முடிந்தவுடன் வரவு செலவைச் சபையிலேயே படிப்போம். பணம் கொடுத்தவர் பிரதியில் கைவைக்க முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். போலீஸிடமிருந்து மீட்டதை நன்கொடையாளரிடம் ஒப்படைப்பதாக இல்லை.

"இதில் ஏறி நின்று சினிமாவுக்குப் போய்விடுவார்களே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். போகட்டுமே. ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்தபடி நாடகம் எழுதிய கே. பாலசந்தர் போகவில்லையா? அவருடைய 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்' இரண்டும் முதலில் மேடையில் பேசிப் பழகிய பிறகுதான் திரைக்குப் போயின. எங்கள் பிள்ளைகள் எங்கே போனாலும் முதல் பிரதியை எங்கே கிழித்தார்கள் என்பதை மறக்க மாட்டார்கள்.

"நல்ல நாடகம் போடுங்கள், வருகிறோம்" என்று இன்னொருவர் சொன்னார். மன்னிக்க வேண்டும், ஐயா. வரிசை அப்படி இல்லை. நீங்கள் வந்து உட்கார்ந்தால்தான் அது நல்ல நாடகமாகும். எங்கள் முதல் வாசிப்புகளில் பாதி சொதப்பும். அதையும் பொறுத்துக் கேட்கிறவர்களைத்தான் தேடுகிறோம்.

இந்தத் துண்டறிக்கையை உங்கள் கையில் கொடுத்தவர் எங்களில் ஒருவர். ஐந்தில் எது உங்களால் முடியும் என்பதை அவரிடமே சொல்லுங்கள். எங்கள் கையில் இப்போது இரண்டு புதிய பிரதிகள் காத்திருக்கின்றன, மழைக்காலமோ வந்துகொண்டிருக்கிறது. உங்களில் யாரோ ஒருவரிடம் சாயங்காலத்தில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையின் சாவி இருக்கும். முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.

இப்படிக்கு,
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து நாடகக்காரர்கள்