வயது வேலியும் வாசிப்பும்

நூல்களுக்கு வயதெல்லை வகுத்து, இன்ன வயதினர்க்கு இன்ன நூல் என்று பிரித்துவைக்கும் வழக்கம் இன்று நம்மிடையே மறுப்பாரற்ற நியதியாக நிலைபெற்றுள்ளது. பொது நூலகங்களிலே சிறுவர் பகுதி ஒரு புறம், வளர்ந்தோர் பகுதி மறுபுறம். பத்து வயதுப் பிள்ளை வளர்ந்தோர் பகுதியின் தட்டுகளை நாடிச் சென்றால் அதட்டித் திருப்பப்படுகின்றது. பல்கலைக்கழக மாணவனொருவன் சிறுவர் நூலொன்றைக் கையிலெடுத்தால், அது தன் தம்பிக்கோ தங்கைக்கோ என்று பொய்யேனும் சொல்லித் தப்பவேண்டியவனாகின்றான். இப்பிரிவினை அறிவுக்கும் பொருந்தாது, நம் மரபுக்கும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மரபை நோக்குவோம். ஆலையடிவேம்பிலிருந்து கல்முனை வரை நீளும் கரையோர ஊர்களிலே நூலொன்று வயது கேட்டு வாசிக்கப்பட்டதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழாவிலே பாரதம் படிக்கப்படும்பொழுது முதியோரும் மடியிற் கிடக்கும் குழந்தையும் ஒருங்கே கேட்கின்றனர். தம்பிலுவிலிலும் காரைதீவிலும் வைகாசியிலே கண்ணகி வழக்குரை பாடப்படுங்கால், கணவனை இழந்தவளின் சீற்றம் சிறுவர் செவிக்கு ஆகாதென்று எவரும் அவர்களை எழுப்பி அனுப்புவதில்லை. அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலே உமறுப்புலவரின் சீறாப்புராணம் இசையோடு ஓதப்பட்ட காலத்திலும் நிலை இதுவே. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அக்காப்பியத்தின் சொல் ஒவ்வொன்றும் சிறுவர்க்கு விளங்கியிருக்குமா? விளங்கியிராது. ஆயினும் செய்யுளின் ஓசையும் கதையின் போக்கும் அவர்தம் நெஞ்சிற் பதிந்தன. விளக்கம் பின்னர் வந்தது. விளங்காதது முன்னே வருவதும் விளக்கம் பின்னே வருவதும் கல்வியின் இயல்பேயன்றிக் குறையன்று.

அவை கேட்டல், வாசித்தல் வேறு என்பாரும் உளர். அங்ஙனமாயின் வாசிப்பையே எடுத்துக்கொள்வோம். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எழுத்தறியும் பாலர்க்கு உரியன என்பது யாவர்க்கும் உடன்பாடு. அந்நூல்களுக்குப் புலவர் பலர் உரை கண்டது எதற்காக? ஐந்து வயதிலே மனனஞ் செய்த ஓரடியின் பொருள், ஐம்பது வயதிலே வாழ்வில் அடிபட்டபின் விளங்குவதுண்டு. ஆறுமுக நாவலர் (1822–1879) இயற்றிய பாலபாடங்களுள் நான்காவதைப் புரட்டிப் பார்ப்போர், கடவுள், ஆன்மா என்னும் தத்துவப் பொருள்களோடு, களவு, கள்ளுண்ணல், வியபிசாரம், சூது என்னும் பொருள்களும் அங்கே உரைநடையில் விரித்துரைக்கப்பட்டிருத்தலைக் காண்பர். அந்நூலைச் சிறுவர்க்கே உரியதென்று எவர் ஒதுக்கவல்லார்? பெயரிலே பாலர் இருப்பதனால் நூலின் எல்லை பாலரோடு முடிவதில்லை.

இனி, உலக இலக்கியத்தை நோக்கினும் இவ்வேலியின் போலித்தன்மை வெளிப்படும். 1719 இல் வெளிவந்த 'ரொபின்சன் குரூசோ'வும் 1726 இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்க'ளும் சிறுவர்க்கென எழுதப்பட்டவையல்ல. பின்னையது அக்கால அரசியலையும் மானிடச் செருக்கையும் கடுமையாக எள்ளி நகையாடுவது. காலப்போக்கிலே அவ்விரண்டும் சிறுவர் தட்டுக்கு இறக்கப்பட்டன. விளைவு யாது? கலிவரைக் குள்ளர் கதையாகச் சிறுவயதிற் படித்தவர் பலர், அதன் கூரிய நையாண்டியைச் சுவைக்காமலே முதுமையடைகின்றனர். சிறுவர் நூல் என்று முத்திரை குத்தியதனால் வளர்ந்தோர் ஒரு பெருநூலை இழந்தனர்.

டால்ஸ்டாயின் செய்தி இன்னுஞ் சிந்திக்கத்தக்கது. 'போரும் அமைதியும்' என்னும் பெருநாவலை 1869 இல் நிறைவுசெய்த அவர், 1872 இல் குடியானவர் பிள்ளைகளுக்காக அரிச்சுவடியொன்றை ஆக்குவதில் முழுமூச்சாக ஈடுபட்டார். எளிய மொழியிலே அவர் எழுதிய 'காகசஸ் கைதி' என்னுங் கதை அம்முயற்சியைச் சார்ந்தது. பின்னாளிலே 'கலை என்றால் என்ன?' என்னும் நூலிலே தம் படைப்புகளைத் தாமே தராசிலிட்டபொழுது, பெருநாவல்களையெல்லாம் தள்ளிவிட்டு அவர் நல்ல கலையென ஏற்றவை இரண்டே கதைகள். அவற்றுள் ஒன்று இக்கதையாகும். அவர் தீர்ப்பை நாம் முழுதும் ஏற்கவேண்டியதில்லை. எனினும், சிறுவர்க்கு எழுதுவது எழுத்தாளனின் இடக்கை வேலை என்று கருதுவோர் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

வணிகம் இவ்வேலியை எங்ஙனம் பயன்படுத்துகின்றது என்பதும் நோக்கற்பாலது. 'ஹரி பொட்டர்' நூல்களை வளர்ந்தோரும் விரும்பிப் படிக்கின்றனர் என்பதை அறிந்த இங்கிலாந்துப் பதிப்பகத்தார், உள்ளடக்கத்தில் ஓரெழுத்தையும் மாற்றாது, வளர்ந்தோர்க்கென வேறோர் அட்டையிட்டு விற்றனர். விற்கப்பட்டது கதை மட்டுமன்று, வெட்கத்தை மறைக்கும் போர்வையுமாம். 2008 இல் அந்நாட்டுப் பதிப்பகங்கள் சிறுவர் நூல்களின் அட்டையிலே வயதை அச்சிட முற்பட்டபொழுது, பிலிப் புல்மன் முதலிய எழுத்தாளர் பலர் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தனர். வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளை, தன் வயதிற்குக் குறைந்த எண் பொறித்த நூலை ஏந்தி நாணவேண்டி வரும் என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. அக்காரணம் நமக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

ஏனெனில், நமது பிரதேசத்திலே கல்வி இடையறுந்தோர் தொகை சிறிதன்று. 2009 இல் முடிவுற்ற போர் பள்ளிக்கூட நாட்களைப் பல ஆண்டுகள் தின்றது. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த கடற்கோள், இலங்கையிலே அம்பாறை மாவட்டத்திலேயே ஆகக்கூடிய உயிர்களைப் பலிகொண்டது. பள்ளிகளையும் புத்தகங்களையும் அள்ளிச் சென்றது. அக்காலத்திற் படிப்பைக் கைவிட்ட பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகியுள்ளனர். அவர்கள் மீண்டும் எழுத்தைப் பற்றிக்கொள்ள வேண்டுமாயின், பெரிய எழுத்தும் படமும் எளிய தொடரும் கொண்ட நூலே முதற்படியாகும். நாற்பது வயதுத் தாயொருத்தி அந்நூலை நாணமின்றி நூலகத்திற் பெற முடியாதெனின், அந்நூலகம் யாருக்காக நடத்தப்படுகின்றது?

மொழிப் பிரச்சினையும் இதனோடு ஒட்டியதே. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் முதலாக நாம் பட்ட துன்பங்களை மீண்டும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. தமிழும் அரசகரும மொழியே என்பது 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தில் எழுதப்பட்டது. நமக்குரிய மொழியுரிமையைக் கோருவதை ஒருபோதும் கைவிடலாகாது. அதே வேளையில், நம் இளைஞர் சிங்களமுங் கற்கின்றனர். கற்கும் முறைதான் வேடிக்கையானது. பரீட்சை வினாத்தாளையும் சுற்றுநிருபத்தையும் மனனஞ் செய்து ஒரு மொழியின் உயிரை எவரும் தொட்டதில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் வெளியிட்ட 'மடொல் தூவ' சிறுவர் சாகசக் கதையாயினும் தென்னிலங்கைக் கிராம வாழ்வின் செறிவான சித்திரம். சிபில் வெத்தசிங்கவின் 'குடைத் திருடன்' இன்னும் எளியது. வளர்ந்தவன் அயல்மொழிக்குள் நுழையும் வாயில் சிறுவர் நூலே. அவ்வாயிலிற் குனிந்து செல்ல நாணுவோன் வெளியே நிற்பான்.

பல்கலைக்கழகத்துள்ளும் நிலை சிறந்ததன்று. கலைப்பீட மாணவருட் பலர் சாதாரண தரப் பரீட்சையோடு விஞ்ஞானத்துக்கு விடைகொடுத்தவர்கள். பெளதிகத்தையோ உயிரியலையோ அவர்கள் மறுபடி அறிய விரும்பின், தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் போன்றதொரு நூலிலே தொடங்குவதில் இழுக்கில்லை. அதன் முதன்மைப் பதிப்பாசிரியரான பெரியசாமித் தூரனே, அறிஞர்க்கான தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகவும் விளங்கியவர். ஒரே கை இரு சாராருக்கும் எழுதிற்று. நாடகத்துறையிலும் இதுவே உண்மை. 'கூடி விளையாடு பாப்பா'வை எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கமே 'மண் சுமந்த மேனிய'ரையும் எழுதினார். மட்டக்களப்பு மண்ணின் மௌனகுரு, கூத்தை ஆராய்ந்ததோடு 'தப்பி வந்த தாடி ஆடு' என்னும் சிறுவர் நாடகத்தையுந் தந்தார். படைப்போர் இறங்கிவர நாணவில்லை. ஆய்வோர் நாணுவது ஏன்? சிறுவர் இலக்கியத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்ள விழையும் மாணவனுக்கு, கனதியான பொருளைத் தேடு என்னும் அறிவுரையே பெரும்பாலும் கிட்டுகின்றது. அறிஞர் திறனாய்வு செய்யாத துறையிலே தரமற்ற நூல்கள் பெருகுதல் வியப்பன்று. அவை பெருகியபின், பார், தரமில்லை என்று அவ்வறிஞரே கூறுவது நியாயமுமன்று.

எஞ்சியிருப்பது ஒரு தடை. சிறுவர் தம் வயதுக்கு மீறிய நூல்களைப் படித்தால் மனம் கெடாதோ என்று பெற்றோர் வினவுவர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. கொடுமையையும் இச்சையையும் விலைப்பொருளாக்கும் எழுத்து உண்டு. அதனைச் சிறுவரிடமிருந்து விலக்குவது பெரியோர் கடமை. ஆனால் ஒரு நூலை அறிந்து விலக்குவது வேறு, அறியாமலே ஒரு மண்டபத்தை முழுதும் பூட்டுவது வேறு. முன்னையதற்கு நூலகரும் ஆசிரியரும் பெற்றோரும் படித்திருத்தல் வேண்டும். பின்னையதற்குத் திறப்பொன்று போதும். படிக்க மனமில்லாதோர் கண்ட எளிய வழியே வயது வேலி. மேலும், பிள்ளைக்கு எட்டாத நூலைப் பிள்ளை தானே மூடிவைக்கும். எட்டும் நூலைப் பறித்தால் அப்பிள்ளை நூலகத்தையே மூடிவைக்கும்.

ஆகவே நாம் வேண்டுவன சில. பிரதேச நூலகங்கள் எப்பகுதி நூலையும் எவ்வயதினர்க்கும் இரவல் வழங்குக. ஐயமுள்ள இடத்து நூலகர் வழிகாட்டுக. தமிழ்த் துறைகள் சிறுவர் இலக்கியத்தைக் கல்வியியலின் ஓரத்தில் ஒதுக்காது இலக்கியமாகவே கற்பிக்குக. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுவர் நூலொன்றை எடுத்து, நாவலொன்றைத் திறனாய்வது போன்ற கண்டிப்போடு அரங்கில் ஆராய்க. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நாணத்தைச் செலவிடுதல் போதும்.