சுவருக்குள்ள ஓநாய் இருக்கு

சின்னம்மாவின்ர மகனுக்குப் பத்து வயசு. இந்த முறை லீவில வீட்டுக்குப் போனபோது அவனுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாசிச்சுக் காட்டினேன். அதுக்குப் பிறகு இரண்டு இரவு அவன் லைற்றை நூர்க்க விடவில்லை. சின்னம்மாவுக்கு என்னில இன்னும் கோபம். இந்தக் கட்டுரையில பாதி அவவுக்கான பதில்.

புத்தகம், நீல் கெய்மன் எழுதி டேவ் மக்கீன் படம் வரைந்த 'த வுல்வ்ஸ் இன் த வோல்ஸ்'. 2003இல் வந்தது. கெய்மனின் மகள் சின்ன வயசில கண்ட ஒரு கெட்ட கனவில இருந்துதான் கதை பிறந்திருக்கு. லூசி எண்ட சிறுமிக்கு வீட்டுச் சுவருக்குள்ள சத்தம் கேட்குது. ஓநாய்கள் எண்டு சொல்லுறாள். அம்மா சுண்டெலி எண்டுறா, அப்பா எலி எண்டுறார், சகோதரன் வௌவால் எண்டுறான். ஓநாய் வெளியில வந்தால் எல்லாம் முடிஞ்சுது எண்டு மட்டும் மூண்டு பேருக்கும் தெரியும். ஒருநாள் இரவு அதுகள் வெளியில வந்தே விடுகுதுகள். குடும்பம் தோட்டத்துக்கு ஓடுது. ஓநாய்கள் வீட்டுக்குள்ள இருந்து ஜாம் தின்னுதுகள், அப்பாவின்ர டியூபாவை எடுத்து ஊதுதுகள்.

(இலங்கையில ஓநாயே இல்லை, நரிதான். அவனுக்கு அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.)

எது பயமாக இருந்தது எண்டு பிறகு கேட்டேன். ஓநாயின்ர கண்ணும் பல்லும் எண்டு சொல்லுவான் என்றுதான் நினைச்சேன். மக்கீன் ஓவியத்தையும் புகைப்படத்தையும் கீறல் கோடுகளையும் கலந்து செய்திருக்கிற பக்கங்கள் எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தன. அவன் சொன்னது வேற. "அவள் சொல்லச் சொல்ல ஒருத்தரும் நம்பேல்லையே அண்ணா."

எங்கட ஊரில பயத்துக்கு இருக்கிற ஒரே மருந்து "ஒண்டும் இல்லை, படு." அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டு பழமொழியும் கைவசம் இருக்கு. நாங்கள் சின்னனில கேட்ட கதைகளும் அப்படித்தான். பேய் கடைசியில கொடியில காயிற சேட்டாக இருக்கும், பாம்பு கயிறாக இருக்கும். பயந்த பிள்ளைதான் பிழை. இந்தக் கதைகள் பயத்தைப் போக்கினதாக எனக்கு ஞாபகம் இல்லை. பயத்தை வெளியில சொல்ல வெட்கப்படப் பழக்கினது நல்லா ஞாபகம் இருக்கு.

லூசியின்ர கதையில ஓநாய் கயிறாக மாறாது. அது உண்மையாகவே சுவருக்குள்ள இருக்கு. அவள் தன்ர பன்றிப் பொம்மையை எடுக்கிறதுக்காகத் தனியத் திரும்பி வீட்டுக்குள்ள போறாள், அதுவும் ஓநாய்கள் இருந்த அதே சுவருக்குள்ளால. பிறகு முழுக் குடும்பமும் சுவருக்குள்ள புகுந்து, உடைஞ்ச கதிரைக் கால்களோட வெளியில பாயேக்க ஓநாய்கள் அலறி ஓடுதுகள். மனிசர் சுவருக்குள்ள இருந்து வந்தால் எல்லாம் முடிஞ்சுது எண்டு அதுகளுக்கும் ஒரு பயம் இருந்திருக்கு. அந்த இடத்தில இவன் கட்டிலில எழும்பி நிண்டுட்டான்.

இருட்டான புத்தகம் பிள்ளையைக் கெடுத்துப்போடும் எண்ட கதை புதிசில்லை. மொரிஸ் சென்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வந்தது. பெயர்பெற்ற உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு பெண்கள் சஞ்சிகையில அதைக் கண்டிச்சார். அப்ப அவர் புத்தகத்தை வாசிச்சே இருக்கவில்லை. (எங்கட முகநூல் விமர்சகர்களுக்கு நல்ல முன்னோடி.) அந்தப் பூதங்களுக்கு மாதிரி, சின்ன வயசில வீட்டுக்கு வந்து தன்ர கன்னத்தைக் கிள்ளின சொந்தக்காரர்தான் எண்டு சென்டாக் பிறகு சொன்னார். எனக்கும் அப்படி இரண்டு மாமாமார் இருந்தவை.

இருட்டு எண்டால் எல்லாம் நல்லது எண்டு நான் சொல்லவில்லை. வெறும் இரத்தத்தைக் காட்டிப் பயப்படுத்துற புத்தகங்களும் இருக்கு. ஷோன் டானின் 'த ரெட் ட்ரீ' (2001) வேற மாதிரி. அதில கதையே இல்லை. ஒரு பிள்ளை எழும்பேக்க அறை முழுக்கக் கருத்த இலைகள் விழுந்துகொண்டிருக்கு, அங்கால பக்கம் பக்கமாக அவளின்ர தனிமை. ஆனால் எல்லாப் பக்கத்திலும் எங்கயோ ஒரு சின்னச் சிவப்பு இலை இருக்கும். அதைத் தேடச் சொல்லி ஒருத்தரும் சொல்லுறதில்லை. இந்தப் புத்தகம் பத்து வயசுக்கும் சரி, இருபத்திரண்டுக்கும் சரி. எங்களுக்கோ படப் புத்தகம் முன்பள்ளியோட முடிஞ்சிடும். அஞ்சாம் தரம் வந்தால் புத்தகம் எண்டால் புலமைப்பரிசில் பாஸ்ட் பேப்பர்தான். பிள்ளை பயப்பட உண்மையான காரணங்களைக் கண்டுபிடிக்கிற வயசிலதான் அவன்ர கையில இருந்து படங்களைப் பறிக்கிறோம்.

சின்னம்மா, உங்களைத்தான் கேட்கிறேன். 1990இல நீங்கள் பங்கருக்குள்ள இருந்தபோது உங்களுக்கு எட்டு வயசு. "ஒண்டும் இல்லை, வெடி கொளுத்துகினம்" எண்டு சொல்லித்தான் அம்மம்மா படுக்க வச்சவவாம். நீங்கள் அதை நம்பினீங்களோ?

நான் வாசிக்கேக்க அம்மம்மாவும் பக்கத்தில இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தவ. தோட்டத்து மூலையில இருந்து அந்தக் குடும்பம் இனி எங்க போய் இருக்கிறது எண்டு கதைக்கிற இடம் வந்தது. அப்பா பனிப் பிரதேசம் எண்டுறார், அம்மா பாலைவனம் எண்டுறா, சகோதரன் விண்வெளி எண்டுறான். பெடியன் விழுந்து விழுந்து சிரிச்சான். அம்மம்மா சிரிக்கவில்லை.

"ஏன், அதுகளுக்குப் பக்கத்தில ஒரு சொந்தக்காரர் வீடும் இல்லையோ?"

வலிகாமம் வடக்கில இருந்த வீட்டை விட்டு 1990இல வெளிக்கிட்டவ. இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் காணியை விட்டவை. கடைசியில குடும்பம் வீட்டுக்குத் திரும்புது எண்டு வாசிச்சதும் இலை உருவுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்த்தா.

"கூரை இருந்ததோ?"

இருந்தது அம்மம்மா எண்டேன்.