மூலிகைதானே என்று எண்ணலாமா?

“மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்று நம் கம்பம் பள்ளத்தாக்கில் பலர் சொல்வதுண்டு. இவ்வெண்ணம் தவறு.

மழைக்காலத்தில் வேலிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செங்காந்தளைப் பார்த்திருப்பீர்கள். அதுவே நம் மாநில மலர். அதன் கிழங்கே கண்வலிக்கிழங்கு. அதை அரைத்து மூட்டுவலிக்குப் பூசுவது நாட்டு வைத்தியம். ஐரோப்பியப் புல்வெளிகளில் தானாக வளரும் கோல்சிகம் இதன் குடும்பச் செடி. அங்கும் பல நூற்றாண்டுகளாக அது மூட்டுவலி மருந்தே! இரண்டிலும் உள்ள பொருள் ஒன்றுதான்: கோல்சிசின். 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லெட்டியேயும் காவந்துவும் அதைக் கோல்சிகத்திலிருந்து பிரித்தெடுத்தனர்.

இன்று திண்டுக்கல், திருப்பூர் மாவட்ட உழவர்கள் மருந்துக்காகவே கண்வலிக்கிழங்கைப் பயிரிட்டு விதைகளை விற்கின்றனர். மருத்துவர் தரும் மாத்திரையில் கோல்சிசின் அரை மில்லிகிராம் அளவே இருக்கும். அளவு மிஞ்சினால் அது செல்கள் பிரிவதைத் தடுத்து உயிரைப் பறிக்கும். சர்க்கரைவள்ளி என்று எண்ணிக் கிழங்கை வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போவதில்லை.

ஒரு கிழங்கில் எத்தனை மில்லிகிராம் என்று கண்ணும் நாவும் சொல்லுமா? ஆய்வுக்கூடத் தராசுதான் சொல்லும். மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது அளவே.

மாணவர்களே! உங்கள் பள்ளி மூலிகைத் தோட்டப் பலகையில் பெயரும் பயனும் மட்டும் போதாது. எப்பகுதி நஞ்சு என்பதையும் எழுதி வையுங்கள்.