ஒரு சதவீதம்தானே?

"வருஷத்துக்கு ஒரு சதவீதம்தானே சார்!" என்பார் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட். அந்த ஒன்றில்தான் விஷயமே இருக்கிறது.

ஓய்வுக்காலத்துக்காக மாதம் 5,000 ரூபாய் வீதம் 30 வருடம் போட்டால் மொத்த முதலீடு 18 லட்சம். ஆண்டுக்கு 10% வளர்ந்தால் சுமார் 1 கோடியே 13 லட்சம் கிடைக்கும். 1% கமிஷன் போய் 9% ஆனால்? சுமார் 91.5 லட்சம்தான். போட்ட முதலை விட அதிகமாக, 21 லட்சத்துக்கு மேல் காணோம்!

கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டத்தையும் ஃபண்ட் நிறுவனங்கள் தர வேண்டும் என்பது 2013 ஜனவரியிலிருந்து செபி விதி. அதே ஃபண்ட், அதே பங்குகள். ஆனால் அதை ஏஜென்ட் எதற்குச் சொல்லப் போகிறார்? ஆலோசனை வேண்டுபவர்கள் செபியில் பதிவு பெற்ற ஆலோசகருக்கு நேராகக் கட்டணம் கொடுத்துக் கேட்பதே மேல்.

கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் உங்களுக்கு எவ்வளவு சார்?"