ஒத்தை சாக்ஸ் இருக்கா பாஸ்?

உங்க ரூம்ல துணி போட்டு வெச்சிருக்கிற பக்கெட்டை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்க. ஜோடி தொலைஞ்ச சாக்ஸ் ரெண்டு மூணாவது கிடைக்கும். கூடவே அக்குள்ல கிழிஞ்ச பனியன், ஓரம் நைந்துபோன துண்டு, எண்ணெய்க் கறை ஏறின தலையணை உறை. 'குப்பைதானே, வீசிடலாம்'னு கை போகுதா? கொஞ்சம் பொறுங்க. இந்த வாரம் நம்ம பக்கத்தோட ஹீரோக்களே அதுங்கதான்.

இதை ஏதோ ஜாலி டிப்ஸ்னு நெனைச்சுடாதீங்க. இது தெரியாததால எங்க ரூம்ல ஒருத்தனுக்கு ஒரு அரியர் விழுந்துச்சு.

தும்மல் தலைவர்

2023. நான் மூணாவது வருஷம். நாங்க நாலு பேரு கோவிலம்பாக்கத்துல ஒரு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருந்தோம். அந்த ஏரியா தெரிஞ்சவங்களுக்குச் சொல்லவே வேணாம். ஒரு பக்கம் பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, இன்னொரு பக்கம் மேடவாக்கம் மெயின் ரோடு, ரெண்டும் சந்திக்கிற இடத்துல ஈச்சங்காடு சிக்னல். மாதவரத்துல இருந்து சோழிங்கநல்லூர் போற மெட்ரோ பாதை வேற இந்த வழியாத்தான் வருது. தூணுக்குக் குழி, மண் லாரி, எம்.சாண்ட் லாரி... காலையில துடைச்ச டேபிள் மேல சாயங்காலம் விரலால பேரு எழுதலாம். ஜன்னலைச் சாத்தினா புழுங்கும், திறந்தா தூசி.

நாலு பேர்ல ஒருத்தனுக்கு வீசிங் உண்டு. காலையில எழுந்தா வரிசையா பத்து தும்மல் போடுவான். அதனால அவனுக்கு நாங்க வெச்ச பேரு 'தும்மல் தலைவர்'. எண்ணிக்கைக்கு பெட் எல்லாம் கட்டியிருக்கோம். இப்ப நெனைச்சா வெட்கமா இருக்கு.

செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. ஹவுஸ் ஓனர் வர்றார்னு தகவல். அட்வான்ஸ்ல கை வெச்சுடுவாரோன்னு பயம். ஆளுக்கொரு ஆயுதம் எடுத்தோம். ஒருத்தன் ஒட்டடைக்கம்பு, ஒருத்தன் பூந்துடைப்பம். நான் ஃபேன் றெக்கையைக் காய்ஞ்ச துணியால தட்டோ தட்டுன்னு தட்டினேன். அரை மணி நேரத்துல ரூம் பளபளன்னு ஆயிடுச்சு. ஓனரே பாராட்டிட்டுப் போனார்.

அன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்குத் தலைவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. இன்ஹேலர் அடிச்சும் நிக்கலை. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசர் வெச்சாங்க. விடியற வரைக்கும் அவன் உட்கார்ந்துக்கிட்டேதான் இருந்தான். காலையில பத்து மணிக்கு எக்ஸாம். அவன் போகலை.

டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நேத்து ரூம் ஏதாவது கிளீன் பண்ணீங்களா?"

நாங்க மூணு பேரும் தரையைப் பார்த்தோம்.

தட்டினா எங்க போகும்?

இப்ப கொஞ்சம் கணக்கு பார்ப்போம். சைஸ் சொல்ல மைக்ரான்னு ஒரு அளவு. ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நம்ம தலைமுடி ஒண்ணோட தடிமன் சுமாரா 70 மைக்ரான். 10 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கிற தூசிதான் மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். 2.5 மைக்ரானுக்குக் கீழே இருந்தா நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போய் உட்காரும்.

பத்து அடி உயரத்துல, ஃபேன் றெக்கையில இருந்து தூசியைத் தட்டுறீங்க. காத்து அசையாம இருந்தாலும் 10 மைக்ரான் தூசி தரைக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் தூசி? கிட்டத்தட்ட ஒரு நாள்! இதுல ஃபேன் வேற ஓடினா அது இறங்கவே இறங்காது, சுத்திக்கிட்டே இருக்கும்.

அதாவது நாங்க ரூமை கிளீன் பண்ணலை. றெக்கை மேல சும்மா படுத்திருந்த தூசியை எழுப்பி, நண்பனோட மூக்குக்கு அனுப்பி வெச்சோம். அவ்வளவுதான்.

அம்மா எடுத்த சாக்ஸ்

ரெண்டு நாள் கழிச்சுத் திருவண்ணாமலைப் பக்கத்துல இருந்து அவங்க அம்மா வந்தாங்க. திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தோம். ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துச்சு. ரூமைச் சுத்திப் பார்த்தாங்க. எங்க பக்கெட்டுல இருந்து ஒத்தை சாக்ஸ் ரெண்டை எடுத்து அலசினாங்க. உள்பக்கத்தை வெளியே திருப்பி, நல்லாப் பிழிஞ்சு, கையில மாட்டிக்கிட்டு ஜன்னல் கம்பியை ஒவ்வொண்ணா உருவினாங்க. சாக்ஸ் கறுப்பாச்சு. காத்துல ஒரு பொட்டுத் தூசி பறக்கலை.

"தட்டாதீங்க தம்பி. ஈரத்தோட துடைச்சா அது துணியிலயே ஒட்டிக்கும்"னாங்க. எக்ஸாமைப் பத்தி எதுவும் கேட்கலை.

அவங்க செஞ்சதுல இருக்கிற சயின்ஸ் சிம்பிள். ஈரத்துல தூசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கனமாயிடும், பறக்காது. சாக்ஸோட உள்பக்கத்துல டவல் மாதிரி சின்னச் சின்ன நூல் வளையம் இருக்கும், அதுல போய் மாட்டிக்கும். ஜப்பான்ல தோரே கம்பெனியோட மியோஷி ஒகமோட்டோ 1970-ல முடியை விட எத்தனையோ மடங்கு மெல்லிசான இழையை உருவாக்கினார். இன்னிக்குக் கடையில விக்கிற மைக்ரோஃபைபர் துணியெல்லாம் அந்த வழியில வந்ததுதான். அது செய்யறதும் இதே வேலை. இழை மெல்லிசா இருக்கிறதால இன்னும் பொடித்தூசியையும் பிடிக்கும். வாங்க முடிஞ்சா வாங்குங்க. பர்ஸ் காலியா? சாக்ஸ் இருக்கு.

எதுக்கு எது?

*சாக்ஸ்:* ஜன்னல் கம்பி, டேபிள் கால், புக் ஷெல்ஃப், சுவிட்ச் போர்டுக்கு மேல் விளிம்பு. கொசு வலையை ஈர சாக்ஸால ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. சுவிட்சுக்கு மட்டும் கண்டிப்பா காய்ஞ்ச துணி.

*தலையணை உறை:* இதுதான் சீலிங் ஃபேனுக்கு. முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. ஆடாத ஸ்டூல், அதைப் பிடிக்க ஒரு ஆள். லேசா ஈரமான உறையை றெக்கை மேல சட்டை மாதிரி மாட்டி, ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சு உங்க பக்கம் இழுங்க. மொத்தத் தூசியும் பைக்குள்ள விழும்.

*பழைய பனியன்:* லேப்டாப் ஸ்கிரீன், மூக்குக் கண்ணாடிக்கு நல்லாத் துவைச்சுக் காய்ஞ்ச மெல்லிய பனியன். இது ஒண்ணும் புது ஐடியா இல்லை பாஸ். மெக்கானிக் ஷெட்ல, லேத் பட்டறையில, பிரிண்டிங் பிரஸ்ல கை துடைக்கிற 'பனியன் வேஸ்ட்' கிலோ கணக்குல விக்குது. திருப்பூர் கம்பெனிகள்ல வெட்டி மிஞ்சின துணி அது.

*நைந்த துண்டு:* ஒட்டடைக்கம்பு நுனியில ஈரமாச் சுத்திக் கட்டுங்க. ஒட்டடை தலையில விழாது. ஜப்பான் ஸ்கூல் பசங்க பழைய துண்டை மடிச்சுத் தைச்ச 'ஸோகின்'ங்கிற துணியால அவங்க கிளாஸை அவங்களே துடைக்கிறாங்க. நமக்கு மட்டும் என்ன கௌரவம்?

*பழைய பெட்ஷீட்:* ஆரம்பிக்கும் முன்னாடி கட்டில், புக்ஸ் மேல விரிச்சு மூடுங்க. முடிஞ்சதும் நாலு முனையையும் உள்பக்கமாச் சேர்த்துச் சுருட்டி நேரா பக்கெட்டுக்கு. பால்கனியில உதறாதீங்க, கீழ் வீட்டுக்கும் மூக்கு இருக்கு.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுல டிரையர்ல துணியோட போடுற ஷீட்டை வெச்சுத் தூசி துடைப்பாங்க. நமக்குக் கொடியும் வெயிலும் இருக்கு, அந்த ஷீட் தேவையில்லை. அதுக்குப் பதிலா ஃபேப்ரிக் கண்டிஷனர் கலந்த தண்ணியில துடைக்கலாம்னு சிலர் சொல்வாங்க. அது மெல்லிசாப் படிஞ்சு, ஸ்டாட்டிக் மின்சாரத்தைக் குறைச்சுத் தூசி சீக்கிரம் ஒட்டாம பார்த்துக்கும், உண்மைதான். ஆனா வீசிங் இருக்கிறவங்க ரூம்ல அந்த வாசனையே வில்லன். தரையில பட்டா வழுக்கும். வெறும் தண்ணி போதும்.

ஆர்டர் முக்கியம்

மேலே இருந்து கீழே வாங்க. ஒட்டடை, ஃபேன், ஜன்னல், ஷெல்ஃப், கடைசியா தரை. பெருக்கறதுக்குப் பதிலா ஈர மாப். வீசிங் இருக்கிற நண்பன் அந்த ஒரு மணி நேரம் வெளியே டீ குடிக்கட்டும், துடைக்கிறவங்க மாஸ்க் போட்டுக்கங்க. அப்புறம் பெட்ஷீட், தலையணை உறையை வாரம் ஒரு தடவை துவைங்க. நம்ம ஊர் ஈரக் காத்துல மெத்தைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் ஜம்முனு வளரும். 55 டிகிரிக்கு மேல இருக்கிற வெந்நீர்ல துவைச்சா அதுங்க செத்துடும். துடைச்ச சாக்ஸையும் துவைச்சு வெயில்ல போடுங்க, அடுத்த வாரம் திரும்ப டியூட்டி.

தலைவர் அடுத்த செமஸ்டர்ல அந்த அரியரை கிளியர் பண்ணிட்டான். நாங்க மூணு பேரும் முறை வெச்சு, ஞாயிறு தவறாம சாக்ஸ் மாட்டினோம். அவனுக்கு வீசிங் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். அது அவன்கூட இருக்கிற விஷயம். ஆனா அந்த ரூமைக் காலி பண்ற வரைக்கும் ராத்திரி ஆட்டோ தேட வேண்டிய நிலைமை திரும்ப வரலை. பெட் கட்டுற பழக்கமும் போச்சு, அந்தப் பேரும் போச்சு.

உங்க ரூம்லயும் காலையில வரிசையாத் தும்முற ஒருத்தர் இருப்பார். சிரிக்கிறதுக்கு முன்னாடி ஃபேன் றெக்கையைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. அப்புறம் அந்த பக்கெட்டைக் கவிழுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை, ஒரு மணி நேரம். ஓகேவா பாஸ்?