மூளைப் படமும் மூட நம்பிக்கையும்

பேச வேண்டிய வயதில் பேசாமலும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலும், முகத்துக்கு முகம் நோக்காமலும், ஒரே விளையாட்டை ஓயாமல் விளையாடிக்கொண்டும் இருக்கின்ற குழந்தைகளை வாசகர்களில் பலர் பார்த்திருக்கலாம். இத்தன்மைக்கு ஆட்டிசம் என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 1943ம் வருஷம் அமெரிக்காவில் லியோ கானர் என்கின்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்தப் பேச்சு உலகில் பலமாய்ப் பரவிற்று. அது முதல் இக்குழந்தைகளைப் பற்றிப் பெரிய மனிதர்கள் என்னென்ன சொன்னார்கள், அவற்றில் எது நிலைத்தது, அதன் பலன் யார் தலையில் விடிந்தது என்று விசாரிப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நம் ஊர்ச் சோதிடனும் பூசாரியும் சொல்லுவது என்ன? "தாய் பூர்வ ஜன்மத்தில் செய்த பாவம்" என்பார்கள். பரிகாரத்துக்குப் பணமும் கேட்பார்கள். இவர்கள் யோக்கியதையைப்பற்றி நமது வாசகர்களுக்கு நாம் புதிதாக ஒன்றும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து, சயன்ஸ் என்ற பெயரால் அதே பல்லவியைப் பாடினவர்களைப்பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் புரூனோ பெட்டல்ஹைம் என்று ஒருவர் இருந்தார். இவருடைய டாக்டர் பட்டம் வைத்தியத்தில் வாங்கியதன்று. இவர் 1967ல் ஒரு புஸ்தகம் எழுதி, குழந்தை இப்படி ஆனதற்குக் காரணம் பெற்றோரிடத்தில், முக்கியமாய்த் தாயினிடத்தில், அன்பில்லாமையே என்று பிரசாரம் செய்தார். ஐஸ் பெட்டி போன்ற தாய் என்று ஒரு பேரும் அந்நாட்களில் வழங்கிற்று. இராத் தூக்கமில்லாமல் பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்திய எத்தனையோ தாய்மார்கள், தங்கள் நெஞ்சே பிள்ளையைக் கெடுத்தது என்று நம்பி அழுதார்கள். பூர்வ ஜன்மப் பாவம் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். அங்கே ஆதாரம் இல்லை, இங்கேயும் இல்லை. அங்கே குற்றவாளி பெண், இங்கேயும் பெண்தான். தகப்பன் என்கின்ற ஒருவன் அந்த வீட்டில் இருந்தானா இல்லையா என்றுகூட அதிகம் பேர் கேட்கவில்லை.

இந்தப் புளுகு எப்படி ஒழிந்தது? விசாரணையினால் ஒழிந்தது. பெர்னார்டு ரிம்லண்டு என்பவர் அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ வேலை பார்த்தவர்; இத்தன்மையுள்ள ஒரு பிள்ளைக்குத் தகப்பனார். பெட்டல்ஹைமின் புஸ்தகம் வருவதற்கு முன்னமேயே, 1964ல், தாய் மீது பழி போடுவதற்கு ஆதாரமில்லை என்று இவர் எழுதிக் காட்டினார். பின்பு 1977ல் பிரிட்டனில் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற இருவர் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வேறு வேறு கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. இரண்டு விதத்துப் பிள்ளைகளும் ஒரே தாயிடம், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே? தாயின் அன்பின்மைதான் காரணமானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் பிற்பாடு நடந்த பெரிய பரிசோதனைகளும் இதையே பலப்படுத்தின. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் இருக்கிறது விஷயம் என்பது அதன் பிறகு பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இது நிற்க. தாய் தப்பினாள், ஆனால் பிள்ளை தப்பவில்லை. அடுத்தபடியாக, "இவர்களுக்குப் பிறர் மனமே தெரியாது, இரக்கமும் கிடையாது" என்கின்ற பேச்சு கிளம்பிற்று. 1985ல் லண்டனில் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் என்ற மூவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பொம்மை தன் கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறது. மற்றொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் ஒளிக்கிறது. முதல் பொம்மை திரும்பி வந்து எங்கே தேடும் என்பது கேள்வி. ஆட்டிசமுள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். இதை வைத்துக்கொண்டுதான் அத்தனை பேருக்கும் சேர்த்து, வாழ்நாள் முழுமைக்கும் தீர்ப்பு எழுதப்பட்டது.

சரியாகச் சொன்ன 4 பேர் எங்கே போனார்கள்? காது கேட்கும் வீட்டில் பிறந்து, சைகை மொழியைத் தாமதமாகக் கற்ற செவிட்டுப் பிள்ளைகளும் இதே கேள்வியில் தவறுகிறார்கள் என்று 1995ல் கண்டார்களே, அவர்களுக்கும் இரக்கமில்லையென்று சொல்லிவிடலாமா? பாஷை குறைந்த பிள்ளைக்குக் கேள்வியே கஷ்டமாயிருக்கக்கூடும் என்பதை யோசிக்க வேண்டாமா? மேலும், பிறர் மனதை அறிவது வேறு, பிறருக்காக இரங்குவது வேறு. நம் மடியில் எவ்வளவு பணமிருக்கிறது, நம் மனதில் என்ன பயமிருக்கிறது என்பதைப் புரோகிதனைப்போல் அறிந்தவன் யார்? அவனிடத்தில் இரக்கம் வழிந்தோடுகின்றதா?

பிறகு யந்திரம் வந்தது. எம்.ஆர்.ஐ. யந்திரத்தினால் மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் வழியை 1990ல் ஒகாவா முதலியவர்கள் காட்டினார்கள். அந்தப் படத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் தெரிவது நினைப்பல்ல. மூளையின் ஓரிடம் உழைத்தால், சில விநாடி கழித்து அங்கே இரத்தமும் பிராண வாயுவும் கூடுதலாகப் பாய்கின்றன. யந்திரம் காட்டுவது அந்த மாறுதலை மாத்திரமே. நிறம், கணக்குப் போட்ட பிறகு மனிதன் பூசுவது. இது அருமையான கருவி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கருவியை விக்கிரகமாக்கி, படம் வந்துவிட்டது, இனி கேள்வி கேட்காதே என்பதைத்தான் கண்டிக்கின்றோம்.

2000ம் வருஷத்தில், முகங்களைப் பார்க்கும்போது உழைக்கவேண்டிய மூளைப் பாகம் ஆட்டிசமுள்ளவர்களுக்கு மந்தமாயிருக்கிறதென்று ஒரு படம் வெளிவந்தது. உடனே அந்தப் பாகமே கெட்டது என்ற பேச்சு பரவிற்று. ஆனால் 2004ல் ஹஜிகானி என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவரது கூட்டாளிகளும், பார்வை முகத்தின் மேல் நிற்கும்படி ஒரு குறி வைத்துப் பரிசோதித்தார்கள். அந்தப் பாகம் வேலை செய்தது! 2005ல் விஸ்கான்சினில் டால்டன் முதலியவர்கள், பிள்ளையின் கண் எங்கே போகிறது என்பதையும் சேர்த்து அளந்தார்கள். பார்வை கண்களில் எவ்வளவு நேரம் தங்கிற்றோ அந்த அளவுக்கு அந்தப் பாகம் உழைத்தது. பயத்தோடும் உணர்ச்சியோடும் சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பாகமும் அதிகம் கிளம்பிற்று. 2017ல் ஹஜிகானி கூட்டத்தார், கண்களையே பார்க்கும்படி செய்தால் மூளையின் அடிப்பாகங்கள் அளவுக்கு மிஞ்சிக் கிளர்ச்சியடைவதைக் கண்டார்கள். இதனால் என்ன தெரிகிறது? முகத்தைத் திருப்புகிற பிள்ளை நம்மை அலட்சியம் செய்து திருப்பவில்லை, தாங்கமாட்டாமல் திருப்புகிறது. வெயிலுக்குக் கண்ணை மூடினவனைக் குருடன் என்று சொல்லுவது போலல்லவா முன்பு சொன்ன தீர்ப்பு? இனியும், "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புவதும், திரும்பாவிட்டால் அடிப்பதும் கல்வியா, கொடுமையா என்பதை உபாத்தியாயர்களும் பெற்றோரும் யோசிக்க வேண்டும்.

2006ல் உடைந்த கண்ணாடி என்று ஒரு கொள்கை பிரபலமாயிற்று. பிறர் செய்வதைக் கண்டு தானும் செய்வதுபோல் உழைக்கின்ற மூளை அணுக்கள் இவர்களிடம் பழுதாயிருக்கின்றன என்பது அதன் சாரம். இதைப் பரப்பினவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையில் வைத்தியம் படித்து, அமெரிக்காவில் புகழ் பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன். பிற்பாடு பல இடங்களில் பரிசோதித்ததில் அக்கொள்கைக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. நம்மவர் சொன்னார் என்பதற்காக நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆள் யார் என்று பார்ப்பது பக்தி. ஆதாரம் என்ன என்று பார்ப்பது பகுத்தறிவு.

படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒரு வேடிக்கை சொல்லுகின்றோம். 2009ல் அமெரிக்காவில் பென்னட் என்பவரும் அவரது கூட்டாளிகளும் செத்த சால்மன் மீன் ஒன்றை யந்திரத்தில் வைத்தார்கள். மனிதர்கள் கூடிப் பழகும் படங்களை அதற்குக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று கேட்கவும் செய்தார்கள்! கவனமில்லாமல் கணக்குப் போட்டால் செத்த மீனின் மூளையும் "யோசிப்பதாக"ப் புள்ளி காட்டிற்று. முறையாகக் கணக்குப் போட்டவுடன் புள்ளி மறைந்தது. ஆராய்ச்சியாளர்களை எச்சரிப்பதற்காக ஆராய்ச்சியாளர்களே செய்த காரியம் இது.

இன்னுமொரு சங்கதி. ஆட்டிசமுள்ளவரான டேமியன் மில்டன் 2012ல் ஒரு கேள்வி போட்டார்: "எங்களுக்கு உங்கள் மனம் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு எங்கள் மனம் புரிகிறதா?" நியாயமான கேள்வி. 2020ல் வெளிவந்த பரிசோதனையில் 72 பேரை எட்டெட்டுப் பேராய் 9 வரிசையாக்கி, ஒருவர் காதிலிருந்து மற்றவருக்குக் கதை சொல்லச் செய்தார்கள். ஆட்டிசமுள்ளவர் மட்டுமே இருந்த வரிசை, மற்றவர் மட்டுமே இருந்த வரிசைக்கு இளைக்கவில்லை; கலந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது. 2025ல் 311 பேரை வைத்து மறுபடியும் பார்த்ததில் கலந்த வரிசையிலும் அந்தக் குறைவு காணப்படவில்லை. முதல் முடிவு நமது கட்சிக்கு இன்னும் இனிப்பாயிருந்தது என்பதற்காக இரண்டாவதை நாம் மறைக்கமாட்டோம். எப்படியானாலும், இவர்களால் பிறருக்கு ஒன்றைத் தெரிவிக்கவே முடியாது என்ற பேச்சு இரண்டிலும் நிற்கவில்லை.

அப்படியானால் சயன்ஸும் பொய்தானே என்று வைதீகர் குதிக்க வேண்டாம். மேலே சொன்ன தப்புகளை யார் கண்டுபிடித்தார்கள்? சாஸ்திரிகளா? பூசாரிகளா? ஆராய்ச்சிக்காரர்கள்தானே! சாஸ்திரத்தில் தப்புக் கண்டவனுக்கு நரகம். சயன்ஸில் தப்புக் கண்டவனுக்கு மரியாதை. ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே போதும்.

இதை அறியாதவர்களிடம்தான் கொள்ளை நடக்கிறது. 1998ல் லண்டனில் வேக்ஃபீல்டு என்ற டாக்டர் 12 பிள்ளைகளை வைத்துக்கொண்டு தடுப்பூசி மீது பழி கிளப்பினார். 2010ல் அக்கட்டுரையைப் பத்திரிகையே வாபஸ் வாங்கிற்று. அவர் டாக்டர் பதிவும் பறிபோயிற்று. 2005ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், உடம்பிலுள்ள உலோகத்தை எடுக்கிறோம் என்று ஊசி ஏற்றியதில் 5 வயதுப் பையன் ஒருவன் மாண்டான். சலவைக்குப் போடும் மருந்தைச் சர்வரோக நிவாரணி என்று குடிக்கக் கொடுத்தவர்களும் உண்டு. மந்திரித்த கயிறாவது கையோடு நின்றது!

ஆட்டிசத்தினால் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. ஆயுள் முழுதும் துணை வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வலிப்பினால் வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனாலேயே சொல்லுகின்றோம்: பரிகாரத்துக்கும் போலி மருந்துக்கும் போகின்ற காசு, பேச்சுப் பயிற்சிக்கும், படத்தாலும் சைகையாலும் தெரிவிக்கக் கற்பிப்பதற்கும், பள்ளிக்கூடத்துக்கும் போகட்டும். 2016ம் வருஷத்துச் சட்டம் ஆட்டிசத்தை ஊனங்களில் ஒன்றாகக் கணக்கிட்டு உரிமை கொடுத்திருக்கிறது. அதைப் பிச்சையாக அல்ல, உரிமையாகக் கேளுங்கள்.

பிள்ளை இப்படிப் பிறந்ததென்று பெண்டாட்டியைத் தாய் வீட்டுக்குத் துரத்துகின்ற ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எந்த யந்திரத்தின் படத்திலும் அவள் குற்றம் தெரியவில்லை. உங்கள் கோழைத்தனம் தெரிவதற்கு யந்திரமே தேவையில்லை.