பெயரில் 'கேம்' இருந்தால் போதுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரிகள் திறக்கும்வரை பெற்றோர்களிடம் ஒரு நம்பிக்கை விற்கப்படுகிறது. பிள்ளைக்கு வீடியோ கேம் துறையில் வேலை வேண்டுமா? அப்படியென்றால் பெயரிலேயே 'கேம்' இருக்கிற பட்டப்படிப்பில் சேர்த்துவிடுங்கள். அதுதான் நேர்வழி, மற்றதெல்லாம் சுற்றுவழி. கேம் டிசைன், கேம் டெவலப்மென்ட், அனிமேஷன் அண்ட் கேமிங் என்று பலகைகள் மாறினாலும் சொல்லப்படுவது இதுதான். இது தவறான நம்பிக்கை. கல்விக்கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது பெருங்கேடும்கூட.

கேம் செய்வது ஒரே தொழில் அல்ல. நிரல் எழுதுபவர், பாத்திரங்களை வரைபவர், அவற்றை அசைய வைப்பவர், ஆட்டத்தின் கட்டங்களை அமைப்பவர், ஒலி சேர்ப்பவர், பிழை தேடுபவர் என்று ஒரு ஸ்டூடியோவில் பத்துத் தொழில்கள் நடக்கின்றன. ஆள் எடுக்கும்போது இவற்றில் ஏதாவது ஒன்றுக்குத்தான் எடுக்கிறார்கள். மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் தொட்டுக்காட்டும் படிப்பு எதிலும் கைதேறவிடாது. கொஞ்சம் மாடலிங், கொஞ்சம் கோடிங், கொஞ்சம் எடிட்டிங் தெரிந்த மாணவர், வரைவதை மட்டுமே மூன்று வருடம் செய்தவரோடும், அல்காரிதத்தோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவரோடும் ஒரே நேர்காணலில் உட்கார வேண்டியிருக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். கேமில் ஒரு காவலாள் நிற்கிறான். நம் ஆட்டக்காரர் அவன் கண்ணில் படுகிறாரா இல்லையா? காவலாள் பார்க்கும் திசை ஒரு வெக்டர். அவனிடமிருந்து ஆட்டக்காரர் இருக்கும் இடத்துக்குப் போவது இன்னொரு வெக்டர். இரண்டையும் ஓரலகு வெக்டராக்கிப் புள்ளிப் பெருக்கம் போட்டால், இடையிலுள்ள கோணத்தின் கொசைன் கிடைக்கும். விடை 0.5-ஐவிட அதிகமென்றால் நேர்ப்பார்வையிலிருந்து 60 டிகிரிக்குள் இருக்கிறார். மைனஸில் வந்தால் முதுகுப்பக்கம் நிற்கிறார். நம் மேல்நிலைக் கணிதப் புத்தகத்தில் இருக்கும் பாடம்தான் இது. பாத்திரத்தின் கையைத் திருப்புவதும், கேமராவை நகர்த்துவதும் அதே புத்தகத்தின் அணிகள். 'கணக்கு வராது, அதனால் கேமிங்கில் சேர்க்கிறோம்' என்று சொல்லும் பெற்றோரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அப்படிச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

கணக்கை ஒதுக்கிவிட்டு அங்கே கற்றுத்தருவது பெரும்பாலும் மென்பொருளின் பட்டன்களை. மென்பொருளுக்கு ஆயுள் குறைவு. ஒரு காலத்தில் பெரும்பாலான இணையக் கேம்களுக்கு ஃபிளாஷ்தான் அடித்தளம். 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை அடோபி நிறுத்திக்கொண்டது. 2023 செப்டம்பரில், கேம் செய்ய உதவும் 'என்ஜின்' மென்பொருளை விற்கும் யூனிட்டி, கேம் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. சிறு ஸ்டூடியோக்கள் பல கொதித்தெழுந்து வேறு என்ஜின்களைத் தேடின. ஒரு வருடம் கழித்து யூனிட்டி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அடிப்படை தெரிந்தவர் சில வாரங்களில் இன்னொரு என்ஜினுக்கு மாறிவிடுவார். பட்டன் மட்டும் படித்தவர் மறுபடி ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

போர்ட்டல் என்ற கேமை என் வாதத்துக்கு எதிராகச் சொல்வார்கள். கேம் செய்யக் கற்றுத்தரும் அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-இல் நார்பாகுலர் டிராப் என்றொரு கேம் செய்தார்கள். அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் கையில் 2007-இல் போர்ட்டல் வெளிவந்தது. உண்மைதான். ஆனால் அந்தக் குழுவிலிருந்த கிம் ஸ்விஃப்ட் வாங்கிய பட்டத்தின் பெயர் 'ரியல்-டைம் இன்டராக்டிவ் சிமுலேஷன்'. கேம் என்ற சொல்லே அதில் கிடையாது. கணக்கும் நிரலாக்கமும் கடுமையாகச் சொல்லித்தரும் இடம் அது. வால்வ் பார்த்ததும் மதிப்பெண் பட்டியலை அல்ல, ஓடுகிற ஒரு கேமை.

மற்ற பெரிய பெயர்களையும் பாருங்கள். டாங்கி காங், மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ படித்தது தொழில்வடிவமைப்பு. ஸ்டார்டியூ வேலி கேமைத் தனி ஆளாக நான்கு வருடங்களுக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்ட எரிக் பரோன் படித்தது கணினி அறிவியல். படமும் இசையும்கூட அவரே. டூம் கேமைத் தந்த ஜான் கார்மேக் இரண்டு செமஸ்டரோடு கல்லூரியை விட்டவர் என்பதைக் காட்டி, படிப்பே வேண்டாம் என்று சிலர் கிளம்புவார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. நம் ஊரில் பட்டம் இல்லாத விண்ணப்பத்தை எச்.ஆரே ஒதுக்கிவிடுவார், வெளிநாட்டு வேலை விசாக்கள் பலவற்றுக்கும் பட்டம் வேண்டும். பட்டம் வாங்கட்டும். எந்தப் பட்டம் என்பதில்தான் சண்டை.

இந்தத் துறை ஆடுகிற ஆட்டத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரை வெளியேற்றியது. அதே மாதம் யூனிட்டி 1,800 பேரை. அடுத்த மாதம் சோனியின் பிளேஸ்டேஷன் 900 பேரை. இந்தியாவில் ஆன்லைன் கேமிங் வளர்கிறது என்று விளம்பரங்களில் காட்டிய வருமானத்தின் பெரும்பகுதி ரம்மி போன்ற பண ஆட்டங்களுடையது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் அவற்றைத் தடை செய்தது. இப்படி ஒரு அலை அடிக்கும்போது கணினி அறிவியல் படித்தவருக்கு வங்கி மென்பொருளோ மருத்துவ மென்பொருளோ கைகொடுக்கும். 'கேம்' என்று அச்சிட்ட சான்றிதழோடு அந்த வாசல்களில் நிற்பவர், தனக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்க வேண்டும்.

நிரல் பிடித்த பிள்ளை கணினி அறிவியலோ கணிதமோ படிக்கட்டும். வரையப் பிடித்த பிள்ளைக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மனித உடலைப் பார்த்து வரைந்து பழகிய கைக்குத் திரையில் உருவம் செதுக்குவது எளிதில் வசப்படும். கேம் வடிவமைப்பை முறையாகப் படிக்க ஆசையென்றால் அது முதுகலைக்கான ஆசை. தேசிய வடிவமைப்புக் கழகமும் டிஜிட்டல் கேம் டிசைனை முதுகலையில்தான் வைத்திருக்கிறது.

படிக்கும்போதே சின்னச் சின்ன கேம்களைச் செய்து முடிக்க வேண்டும். கேம் என்ஜினான கோடாட், முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் இரண்டும் இலவசம். செய்து பார்த்தால்தான் புரியும் விஷயங்கள் உண்டு. உதாரணமாக, குதித்துத் தாண்டும் கேமில் பாத்திரம் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் குதிக்க அனுமதித்தால்தான் ஆட்டக்காரருக்கு அது நியாயமாகப் படும். தான் செய்த கேமைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, 'நான் அமுக்கினேன், குதிக்கவே இல்லை' என்று அவன் கத்துவதைக் கேட்டவருக்குத்தான் இது உறைக்கும்.

கேமுக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையும் தெரிந்திருக்க வேண்டும். டொராண்டோவிலிருந்து 2023-இல் வந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கிறது. அம்மாவின், அங்கங்கே அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி அவிக்க வேண்டும். அடுத்த வருடம் அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் படிப்பில்தான் சேர்ப்பேன் என்பவர்கள் அட்மிஷன் மேசையில் இரண்டு விஷயம் கேளுங்கள். போன வருட இறுதியாண்டு மாணவர்கள் செய்து முடித்த கேமை இதே கம்ப்யூட்டரில் ஓட்டிக்காட்டச் சொல்லி, பிள்ளையைப் பத்து நிமிடம் ஆடவிடுங்கள். பாடம் நடத்துபவர் வேலைசெய்து வெளிவந்த கேமின் பெயரைக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.